நாலு அணுத் தடிப்பு

எங்கள் ஆய்வகத்தில் ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை வாங்கி வருவது எப்போதும் என் வேலை. துறைத்தலைவர் ஆன பிறகும் அதை விடவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். இந்தக் குணசீலன் தலைக்கனம் பிடித்தவன் என்று பலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள்.

என் ஆராய்ச்சி இரண்டு பொருள்கள் ஒட்டும் இடத்தைப் பற்றியது. ஒன்று மீக்கடத்தி, கடுங்குளிரில் மின்சாரத்தைத் தடையே இல்லாமல் விடும். மற்றது இடவியல் காப்பான். உள்ளே மின்சாரம் போகாது, மேற்பரப்பில் மட்டும் ஓடும். இரண்டையும் அணுவோடு அணுவாக, நடுவில் எதுவுமின்றி ஒட்டிவிட்டேன் என்று கட்டுரை போட்டேன். சேலத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் இருந்துகொண்டு, பதினோரு வருடம் உழைத்து. வெளிநாட்டுக்காரர்கள் தேடிப் படித்தார்கள்.

தனப்பிரியா என் ஆராய்ச்சி மாணவி. பள்ளிபாளையத்துப் பெண், கெட்டிக்காரி. பூஜைக்கு முந்தின வாரம் நுண்ணோக்கியில் எடுத்த படத்தோடு வந்தாள்.

“சார், ரெண்டும் நேரா ஒட்டலீங்க. நடுவால நாலு அணு தடிப்புக்கு வேற ஒண்ணு வளந்திருக்குதுங்க. நாம அளந்தது பூராவும் அதோடதுங்க.”

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்லீங்க சார். கட்டுரையத் திருத்தோணும்னு பத்திரிகைக்கு நானே எழுதிப் போடட்டுங்களா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தவற்றை உலகத்துக்குச் சொல்ல இவள் யார்?

பூஜையன்று கருவிகளை அணைத்து, துடைத்து, பொட்டு வைப்போம். மறுநாள் காலைதான் இயக்குவோம். திரவ நைட்ரஜன் அறையில், ஆக்சிஜன் குறைந்தால் அலறும் பெட்டி ஒன்று உண்டு. அதையும் அணைத்தோம். அதன் பச்சை விளக்கின் மேலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தேன். மறுநாள் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நானே இயக்கினேன். விளக்கு எரிகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஏழு மணிக்கே நைட்ரஜன் கலனின் வால்வைத் திறந்து, கதவைச் சாத்திவிட்டு வந்தேன். ஆவியாகும் நைட்ரஜன் அறையிலிருக்கும் ஆக்சிஜனை விரட்டிவிடும். ஒன்பது மணிக்கு அவளை நைட்ரஜன் பிடித்து வரச் சொன்னேன். “சரிங்க சார்” என்று போனாள்.

இரண்டு மூச்சுதான். வலிக்காது, அதைப் படித்துத் தெரிந்துகொண்டுதான் செய்தேன். விபத்து என்று முடித்தார்கள். அன்று காலை அந்த அலறும் பெட்டி மட்டும் அணைந்தே கிடந்தது என்று அதன் நினைவகத்தில் பார்க்க உங்களுக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது. ஆமாம், நான்தான் கொன்றேன்.

ஆனால் அவள் உழைப்பை நான் வீணாக்கவில்லை. திருத்தக் கட்டுரை போன மாதம் என் பெயரில் வெளிவந்தது, பாராட்டுகள் குவிகின்றன. அடியில் அவள் நினைவுக்கு என்று ஒரு வரி போட்டு, அவள் அம்மா செல்லாயிக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். ஒரு மாணவிக்காக இவ்வளவு செய்கிற பேராசிரியர் வேறு யார் இருக்கிறார், சொல்லுங்கள்.