பேக்கரி ஜன்னலில் முதல் பெயர்

அந்த வாட்சின் வார் என் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் பெரிது. கடைசித் துளையில் மாட்டினாலும் சுழன்றுகொண்டே இருக்கும். பாத்திரம் கழுவினால் நுரை உள்ளே போய் அரிக்கும். மணிக்கு ஒருமுறை கையைச் சுரண்டி, எழுந்து நில் என்று சொல்லும். மூச்சை இழுத்து விடு என்று சொல்லும். காலையில் கண் விழித்ததும், நீ சரியாகத் தூங்கவில்லை என்று அதுவே சொல்லும். அதுவரை நன்றாகத் தூங்கியதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருப்பேன். என் மாமியார் எங்களோடு பதினோரு வருடம் இருந்தார். அவர்கூட எனக்கு இத்தனை சொன்னதில்லை.

நீங்கள் கேட்டது செவ்வாய்க்கிழமையைப் பற்றி. அதற்கு வருகிறேன், சார்ஜென்ட். ஆனால் செவ்வாய்க்கிழமையை மட்டும் சொன்னால் என்னைப் பற்றி உங்களுக்குத் தப்பான எண்ணம் வந்துவிடும்.

நொரீன் என் தங்கை. என்னைவிட மூன்று வயது சின்னவள், அறுபத்தெட்டு. ஊருக்குள் கோதுமை கொட்டி வைக்கும் சைலோ கோபுரத்துக்குப் பின்தெருவில் தனியாக இருந்தாள். நான் இங்கே பண்ணையில், காரில் இருபது நிமிடம். ஆகஸ்டில் அவளுக்கு இதயக் குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்தவள் நாற்காலியை விட்டு எழவில்லை. எழுந்தால் இதயம் நின்றுவிடும் என்று பயம். ஜன்னல் திரையைக்கூட விலக்கமாட்டாள். நான் சூப் கொண்டுபோனால், "அங்க வச்சிட்டுப் போ தெல்மா, எனக்காக மெனக்கெடாத" என்பாள். பந்து விளையாட்டானாலும் நீச்சலானாலும் இந்த வட்டாரத்தில் அவளை முந்தியவர் கிடையாது. அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பெர்த் நகரத்தில் இருக்கும் அவள் மகள் ஒரு வாட்ச் வாங்கி அனுப்பினாள். இதயத் துடிப்பைக் காட்டும். நடந்த காலடிகளை எண்ணும். கட்டியிருப்பவர் விழுந்தால் தெரிந்துகொண்டு, ஒருவருக்குச் செய்தி அனுப்பும். பெர்த் தொலைவு என்பதால் அந்த ஒருவராக என் பெயரைப் போட்டார்கள். ஆக, என் தங்கையின் இதயம் அன்று முதல் என் போனில் துடித்துக்கொண்டிருந்தது. அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று நானும் அதே மாதிரி ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சுகாதார நிலையத்து நர்ஸ் ரோஸ்லின் பெண்களுக்கு ஒரு நடைக் குழு வைத்திருந்தாள். பன்னிரண்டு பேர். யார் எத்தனை நடந்தோம் என்பது எல்லோர் போனிலும் தெரியும். சனிக்கிழமை தோறும் அந்த வாரக் கணக்கைப் பார்த்து, பேக்கரி ஜன்னலில் வரிசையாகப் பெயர் எழுதி ஒட்டுவாள். நொரீனை நானே சேர்த்துவிட்டேன். ஒரு நாளைக்கு முந்நூற்று நாற்பது காலடி. படுக்கைக்கும் சமையலறைக்கும் நடந்தது.

எனக்கு அவளைத் தெரியும். பரிதாபப்பட்டால் படுத்துவிடுவாள். தோற்கடித்தால் எழுந்துவிடுவாள். விவசாயக் கண்காட்சியில் கேக் போட்டி நடக்குமே, அதில் பத்தொன்பது வருடம் முதல் பரிசு, நீல ரிப்பன், அவளுக்கு. எனக்கு இரண்டாவது, அல்லது மூன்றாவது. குறையாகச் சொல்லவில்லை. அவள் கேக் நன்றாக எழும்பும்.

ஆனால் என் முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனவை. நாள் முழுக்க நடந்தாலும் ஆயிரத்து ஐந்நூறு தாண்டாது. அதனால் ஒருநாள் விடியற்காலையில், என் மகன் கிளென் ஆடுகளை ஓட்டக் கிளம்பும்போது, டிங்கரின் முன்னங்காலில் என் வாட்சை வைத்துத் துணியால் சுற்றிக் கட்டினேன். டிங்கர் எங்கள் சிவப்பு நிறக் கெல்பி நாய், மந்தை ஓட்டும் ஜாதி. ஆட்டு மந்தையைக் கண்டால் அது நடக்காது, பறக்கும்.

"ஏம்மா, நாய்க்கும் பிரஷரா?" என்றான் கிளென்.

"நாய்க்கில்லடா, உன் சித்திக்கு."

"சித்திக்கு பிரஷர்னா டிங்கர் எதுக்கு மாத்திரை சாப்பிடுது?"

சிரித்துக்கொண்டே நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அன்று சாயங்காலம் என் பெயருக்கு நேராகப் பதினெட்டாயிரம் நின்றது. ஏழு மணிக்கு நொரீனே கூப்பிட்டாள். மருத்துவமனையிலிருந்து வந்தபிறகு அவளாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"தெல்மா, உன் வாட்ச் கெட்டுப்போச்சு."

"ஏன்?"

"பதினெட்டாயிரம் காட்டுது. தபால் பெட்டி வரைக்கும் போறதுக்கே நாலு தடவ நிக்கிறவ நீ."

"காலைல வேலி ஓரமா நடந்தேன். உனக்கு எதுக்கு அதெல்லாம்? நீ போத்திட்டு உக்காரு."

"கிழட்டுக் கோழி" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

மறுநாள் அவள் இரண்டாயிரம் நடந்தாள். அடுத்த வாரம் தினம் ஐயாயிரம். அக்டோபரில் நான் போனபோது திரைச்சீலைகள் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தன; அவள் நாற்காலிமேல் நின்று ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தாள். ரோஸ்லின் என்னைக் கட்டிப்பிடித்து, "எல்லாம் உங்களாலதான் தெல்மா" என்றாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவளை நாற்காலியிலிருந்து எழுப்பியது நான்தான்.

அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். நிறுத்தினேன். நவம்பரில் ஒரு வாரம் வாட்சை மேசை டிராயரில் போட்டு வைத்தேன். அந்தச் சனிக்கிழமை ரொட்டி வாங்கப் போனேன். அதற்கு முந்தைய வாரங்களில் நான் உள்ளே நுழைந்தால் பேக்கரிப் பெண் கைதட்டுவாள். கால்நடை ஏலத்துக்கு வந்த ஆண்கள், கிளென் அப்பா இருந்த காலத்தில் என்னை ஏறிட்டும் பார்க்காதவர்கள், "எழுபத்தொரு வயசுலயா!" என்று வழிவிடுவார்கள். அன்று ஜன்னலில் நொரீன் முதலில் இருந்தாள். என் பெயர் கடைசி. கைதட்டல் இல்லை. ரொட்டியைக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். வாசலில் நொரீன் நின்றிருந்தாள்.

"என்னடி கோழி, மூச்சு வாங்குதா?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அவளுக்கு எப்போதுமே எல்லாம் விளையாட்டுதான்.

திங்கட்கிழமை காலை டிங்கர் காலில் மறுபடியும் கட்டினேன்.

பிப்ரவரியில், கோடை உச்சத்தில், ஆடுகளுக்கு ரோமம் வெட்டும் வேலை தொடங்கியது. டிங்கர் இருபதாயிரத்துக்குக் குறையாமல் ஓடியது. நொரீன் பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து என்று பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். வெயில் தாழ்ந்தபின் அரைமணி நேரம் நடந்தால் போதும், துடிப்பு நூற்றுப்பத்தைத் தாண்டக்கூடாது என்று ரோஸ்லின் சொல்லியிருந்தாள். நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன். என் போனில் தினமும் நூற்று முப்பது, நூற்று நாற்பது என்று வரும். தெரியாது என்று உங்களிடம் சொல்லப்போவதில்லை.

போன சனிக்கிழமை போனில் சொன்னாள்: "நாளைக்கு நான் அங்க வந்து உன்கூட நடக்கறேன். எப்படித்தான் பண்றேன்னு பாக்கணும்."

"வேண்டாம். என் வேகத்துக்கு நீ வரமாட்ட."

"அப்படியா," என்றாள். அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை நாற்பத்திரண்டு டிகிரி. நான் ஏ.சி.க்குக் கீழே, வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மணிக்குக் கூப்பிட்டாள். காற்று இரைச்சல் கேட்டது. வெளியில் இருக்கிறாள் என்று தெரிந்தது.

"எவ்வளவு ஆச்சு உனக்கு?"

"பதினாறு."

"நான் பன்னெண்டுதான். நெஞ்சு லேசா இறுக்கமா இருக்குடி. வெயிலாத்தான் இருக்கும்." மூச்சு வாங்கினாள். "நிறுத்திடவா?"

பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை.

"உன் இஷ்டம் நொரீன். நான் சாயங்காலம் வரைக்கும் நிறுத்தறதா இல்ல."

"சரி," என்றாள். "சரி. சைலோ ரோட்ல இன்னும் ஒரு சுத்து போயிட்டு வரேன்."

இரண்டு மணி பதினேழுக்குச் செய்தி வந்தது. நீங்கள் அச்செடுத்து வைத்திருப்பது அதுதான். நொரீன் பலமாக விழுந்திருக்கலாம், அவரிடமிருந்து பதில் இல்லை. கீழே வரைபடத்தில் சைலோ ரோடு, புள்ளி வைத்து. படித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். கார் சாவி கொக்கியில் இருந்தது. போன் கையிலேயே இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தால் ரோஸ்லினும் வருவாள். இந்த வெயிலில் ஏன் நடந்தாள் என்று கேட்பாள். யாரைத் துரத்தினாள் என்று கேட்பாள். கிளென் வேடிக்கையாகவே நாய் கதையைச் சொல்லிவிடுவான். அவன் மனதில் கள்ளம் கிடையாது. சனிக்கிழமைக்குள் பேக்கரிக்குத் தெரிந்துவிடும். கொஞ்சம் பொறுத்தால் அவளே எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எத்தனையோ தடவை விழுந்து எழுந்தவள்.

அவள் காலடி எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்காயிரத்து இருநூற்று ஆறு. போன் திரையை இழுத்து இழுத்துப் பார்த்தேன். அதே இருநூற்று ஆறு. துடிப்பு நூற்று ஐம்பத்தொன்று என்றிருந்தது, பிறகு அறுபது, இரண்டு மணி நாற்பதுக்கு வெறும் கோடு. வார் தளர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். தளரக்கூடியதுதான். என் பெயருக்கு நேராக இருந்த காலடிக் கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

நாலு மணிக்குக் கிளென் தேநீருக்கு வந்தான். டிங்கர் காலிலிருந்து துணியை அவிழ்த்து, வாட்சை என் கையில் கட்டிக்கொண்டேன். அதற்குப்பிறகுதான் காரை எடுத்தேன். நான் போவதற்குள் கோதுமை லாரிக்காரர் ஒருவர் அவளைப் பார்த்து நிறுத்தியிருந்தார். வெயில் படாமல் இருக்கத் தன் தொப்பியை அவள் முகத்தில் வைத்திருந்தார். அவள் கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. உயிர் இருக்கிறது என்று அந்த மனிதரிடம் சத்தம் போட்டேன். அவர் பாவம், மெதுவாக என் தோளைத் தொட்டு, "அது ரோட்டு சூடும்மா" என்றார்.

என் வாட்சின் வாருக்கடியில் சிவப்பு ரோமம் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். இப்போது தெரிந்திருக்கும். அந்த இயந்திரத்தில் ஒரு பழுதும் இல்லை. அவள் விழுந்ததை உடனே என்னிடம் சொன்னது. நான்தான் ஒண்ணே முக்கால் மணி நேரம் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள். அவளுக்குக் கெடுதல் நினைத்தவள் இல்லை நான். ரோமம் வெட்டும் வேலை இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அடுத்த வாரம் அவளை ஜெயிக்க விடுவதாகத்தான் இருந்தேன்.