பலகையின் ஓரத்தில் ஒரு சுவிட்ச்

கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கலர் விளக்குகளைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். விளக்கு எந்த வேலையும் செய்யாது. ஓவர்க்ளாக்கிங்குக்கு, அதாவது பிராசஸரையும் மெமரியையும் தயாரித்தவர் சொன்ன வேகத்துக்கு மேலே ஓட்டுவதற்கு, முதலில் பார்க்க வேண்டியது பிராசஸரைச் சுற்றியிருக்கும் மின்சப்ளைப் பகுதியை. அதன்மேல் சூட்டை இழுக்கக் கனமான அலுமினியக் கட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். தகட்டை வளைத்து ஒட்டி ஒப்பேற்றியிருந்தால் அந்தப் போர்டைத் தொடாதீர்கள்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: என் தங்கைக்கு இந்தப் போர்டை ஏன் தேர்ந்தெடுத்தேன்? நீங்கள் அவளோடு ஒரே ஆய்வகத்தில் இருந்தவர். போன வாரம் வந்து கணினியைக் கையோடு எடுத்துப் போனவர். உங்களிடம் சுற்றி வளைக்க எனக்கு மனமில்லை.

அவளை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், முப்பது வயதாகியும். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இதைத்தான் சொல்வார்: "பெரியவன் ரேடியோவைப் பிரிச்சுப் போடுவான். அதுக்குள்ள பாட்டு எப்படி வருதுன்னு பாப்பாதான் சொல்லும்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நான் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்தேன். அவள் இதய வால்வில் ரத்தம் எப்படிச் சுழல்கிறது என்று கணக்குப் போடும் ஆராய்ச்சிக்குப் போனாள். அப்பா, அம்மா காலத்துக்குப் பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான்.

அவளுக்கு வெளிநாட்டில் வேலை உறுதியான அன்று சாப்பாட்டு மேசையில் சொன்னாள்: "அண்ணா, நான் போயிட்டா நீ என்ன பண்ணுவ? கதவைப் பூட்டினியான்னு அங்கிருந்து நான்தான் போன் போட்டுக் கேக்கணும்."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். நான் ஒருநாளும் கதவைப் பூட்ட மறந்ததில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் ஆய்வேட்டை முடித்தாக வேண்டும். ஒவ்வொரு கணக்கும் ஒன்பது நாள் ஓடும். உங்கள் துறையின் பெரிய கணினியில் இடம் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வீட்டிலேயே வேகமான ஒன்றைக் கட்டித் தரச் சொன்னாள். போர்டு வாங்கக் கூடவே வந்து அதன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவு பெருசு எதுக்குண்ணா? நான் என்ன ராக்கெட்டா விடப் போறேன்?"

"ஒன்பது நாள் வேலைய ஏழு நாள்ல முடிக்கணும்னா ராக்கெட்தான் வேணும்."

மின்சப்ளைப் பகுதி அருமையாக இருந்தது. ஆனால் நான் அதை எடுத்தது வேறொன்றுக்காக. பலகையின் ஓரத்தில், நகத்தின் அளவுக்கு ஒரு சுவிட்ச். வேகம், மின்னழுத்தம் போன்ற அமைப்புகளைப் பதிந்து வைக்கும் பயாஸ் சிப் சாதாரணப் போர்டில் ஒன்றுதான் இருக்கும். இதில் இரண்டு. ஒன்றில் விபரீதமாக எதையாவது மாற்றிக் கணினி எழாமல் போனால், சுவிட்சைத் தள்ளி மற்றதில் எழுப்பிக்கொள்ளலாம். யோசித்துச் செய்த ஏற்பாடு.

முதல் சிப்பில் எல்லாவற்றையும் ஒழுங்காக அமைத்தேன். இரண்டாவதில் மெமரியின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். நிறையக் கூட்டினால் கணினி நின்றுவிடும்; யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். நிற்கும் வேகத்துக்கு மயிரிழை கீழே வைத்தால் நிற்காது. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை மெமரியில் எங்கோ ஒரு பூஜ்யம் ஒன்றாகிவிடும். எச்சரிக்கை வராது, திரை அணையாது. கணக்கு அந்தத் தவறையும் சுமந்துகொண்டு ஓடும். இப்படித் தவறினால் தானே திருத்திக்கொள்ளும் மெமரியும் உண்டு. இந்தப் போர்டு அதை ஏற்காது. அதையும் பார்த்துத்தான் வாங்கினேன். அந்த மயிரிழையைப் பிடிக்க மூன்று வாரம் ஆனது. அவ்வளவு பொறுமையாக வேறெந்த வேலையும் நான் செய்ததில்லை.

பாப்பா கெட்டிக்காரி. ஒரே கணக்கை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள். இரண்டு விடை வந்தது. முதலில் கணினியைத்தான் சந்தேகப்பட்டாள். தூசி தட்டுவதாகப் பெட்டியைத் திறந்தேன், சுவிட்சை முதல் சிப்பின் பக்கம் தள்ளினேன், இரண்டு நாள் சோதனை ஓடவிட்டேன். ஒரு பிழைகூட இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப நான்தான் எங்கயோ தப்பு பண்றேன்."

"களைப்பா இருக்கும் பாப்பா. போய்ப் படு."

அவள் படுத்த பிறகு சுவிட்சைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன்.

நீங்களும் ஒருநாள் வந்து சோதித்தீர்கள், நினைவிருக்கிறதா? வருவதாக முந்தின நாளே போன் செய்தீர்கள். நல்ல பழக்கம்.

மற்றது உங்களுக்கே தெரியும். அவள் வழிகாட்டி அதே கணக்கைத் துறையின் கணினியில் ஓட்டினார். அவள் எழுதிக் கொடுத்த எண்கள் வரவில்லை. விசாரணைக் குழு கூடியது. எண்களை இட்டுக்கட்டினாயா என்று கேட்டார்கள். "தெரியல சார்" என்றாளாம். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு பதிலில் பட்டம் போனது, வேலையும் போனது. அதை எனக்குச் சொன்னபோது அவள் அழவில்லை. ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணிக் காட்டி, சரியா அண்ணா என்று கேட்டாள்.

நீங்கள் போன வாரம் சொல்லாமல் வந்துவிட்டீர்கள். சுவிட்ச் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. ஆம், நான் செய்ததுதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றை நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். அவள் இப்போது கஷ்டப்படவில்லை. வெளியே போவதில்லை. தன் மருந்தைத் தானே எடுப்பதில்லை. நான் எண்ணிக் கையில் கொடுக்கிறேன். தினமும் படுக்கப் போகும்போது கேட்பாள்: "அண்ணா, கதவைப் பூட்டினேனா, கொஞ்சம் பாரேன்."

போய்ப் பார்ப்பேன். பூட்டித்தான் இருக்கும். அவள் ஒருநாளும் மறந்ததில்லை.

திரும்பி வந்து, "பூட்டியிருக்கு பாப்பா" என்பேன். வாரத்தில் ஒருநாள் மட்டும், "திறந்துல்ல கிடந்துச்சு, நல்லவேளை நான் பாத்தேன்" என்பேன். ஒருநாளுக்கு மேல் கூடாது. கூடினால் கண்டுபிடித்துவிடுவாள்.

நீங்கள் என்னைப் போலீசிடம் அழைத்துப் போவதில் ஆட்சேபம் இல்லை. அங்கே யாரிடமாவது இதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்: நான் இல்லாவிட்டால் அவளுக்கு யார் கதவைப் பார்ப்பார்கள்?