பழைய பதிப்பில் மறு உயிர் கிடையாது

உங்கள் மேசை லேசாக ஆடுகிறது, சார். இடப்பக்கக் கால் கொஞ்சம் குட்டை. ஒரு அட்டையை மடித்து அடியில் வைத்தால் போதும். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பல் கட்டுகிறவன் கண்ணுக்கு மட்டம் தப்பினால் உடனே தெரிந்துவிடும்.

எதற்காகச் செய்தேன் என்று கேட்டீர்கள். சொத்துத் தகராறா, பெண் விவகாரமா, குடிபோதையா என்று நீங்களே கேட்டுக் கேட்டு அலுத்துப்போனீர்கள். அப்படி எதுவும் இல்லை. ஒரு விளையாட்டின் புதிய பதிப்பு வந்தது. அதுதான் தொடக்கம்.

அது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார், அது நான். மற்றவர்கள் ஒரு விண்கலத்தில் போகிறவர்கள். என் மைத்துனன் கேப்டன். தெருமுனை மருந்துக்கடைக்காரர் கப்பலின் இயந்திரக்காரர். பூகோளம் எடுக்கிற டீச்சர் பைலட். 'எரிகல் வருகிறது, என்ன செய்கிறீர்கள்?' என்று நான் கேட்பேன். அவர்கள் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். கல்லூரி நாளில் ஆரம்பித்தது. நரை விழுந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என்றால் என் பட்டறைதான். மாடியில் வீடு, கீழே பட்டறை. கப்பல்களையும் ஆட்களையும் பல்செட் செய்கிற ரோஸ் நிறப் பிசினிலேயே வார்த்து வைத்திருந்தேன். ஈறு நிறத்தில் ஒரு விண்வெளிப் படை. டீச்சர் அதைப் பார்க்கும்போதெல்லாம், 'நம்ம கப்பலுக்கு எப்ப சார் பல்லு முளைக்கும்?' என்று கேட்பார்.

பழைய பதிப்பு ஒரு தகர நிறப் பெட்டியில் வந்தது. மூன்று மெல்லிய புத்தகங்கள், கறுப்பு வெள்ளைப் படங்கள், கண்ணைக் கெடுக்கும் பொடி எழுத்து. ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது. காற்று தீர்ந்தால் தீர்ந்ததுதான். அடிபட்டு விழுந்தவனுக்கு ஒரே ஒரு உருட்டல்; இரண்டு பகடையும் சேர்ந்து எட்டுக்குக் கீழே விழுந்தால் ஆள் காலி. பல வருஷம் வளர்த்த ஆளானாலும் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். டீச்சரின் பைலட் அப்படித்தான் போனாள். அன்றைக்கு டீச்சர் மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். என் கல்யாண நாளைக்கூட நான் அவ்வளவு துல்லியமாக நினைவு வைத்திருக்கவில்லை. இல்லாத ஒருத்திக்காக ஒரு மனுஷி அப்படி அழுதால் அந்த விளையாட்டில் எவ்வளவு உயிர் இருந்திருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

புதிய பதிப்பை என் பிறந்தநாளுக்கு மைத்துனன்தான் வாங்கி வந்தான். செங்கல் கனம், வழவழவென்று வண்ணப் படங்கள். அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு மறுபிரதி உண்டு. செத்தால் வேறு உடம்பில் கண் விழிப்பார்கள். பகடை கைகொடுக்காவிட்டால் பெட்டியோடு வரும் ஒரு பிளாஸ்டிக் வில்லையைக் கொடுத்து மறுபடி உருட்டலாம். நானும் ஆடிப் பார்த்தேன், சார். பிடிவாதக்காரன் என்று யாரும் சொல்லக் கூடாதல்லவா. மருந்துக்கடைக்காரர் ஒரே பிற்பகலில் இரண்டு முறை செத்து, இரண்டு முறையும் டீயைக் கீழே வைக்காமலே எழுந்து வந்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி.

இனிமேல் பழையதுதான் என்று நான் சொல்லிவிட்டேன். அதற்கு அடுத்த ஞாயிறு, மற்றவர்கள் வருவதற்கு முன்பே மைத்துனன் வந்தான். நான் மேல்வரிசைப் பல்செட் ஒன்றுக்கு அச்சு மாவு, இறுகினால் கல்லாகிற பிளாஸ்டர், குழைத்துக்கொண்டிருந்தேன். என் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். அவன் கெட்டவன் இல்லை. என் மனைவியின் தம்பி, எங்களுக்குப் பிள்ளை இல்லாத குறை தெரியாமல் வளையவந்தவன். மென்றுமுழுங்கித்தான் ஆரம்பித்தான்.

"அத்தான், அரைச்ச மாவையே அரைக்கிறோம். அவங்க ரெண்டு பேரும் இன்னியோட சரி, இனிமே வரலன்னு சொல்றாங்க. புதுசுன்னா வருவாங்க."

அவர்களுக்குப் பழையதுதான் பிடிக்கும் என்றேன். பைலட் செத்த நாளை நினைத்துப் பார் என்றேன். டீச்சர் எப்படி அழுதார் என்று ஞாபகப்படுத்தினேன்.

அவன் என் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தபடி சொன்னான்.

"அவங்க அழுதது பைலட்டுக்காக இல்ல அத்தான். அன்னிக்கு அவங்க அம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்க. நான்தான் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். அக்காவுக்கும் தெரியும். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு விட்டுட்டோம்."

"வாராவாரம் கெஞ்சினியா?"

"ஆமா. உங்களுக்கு இத விட்டா வேற என்ன இருக்கு?"

இதை அவன் அன்பாகத்தான் சொன்னான். குரலில் கேலி இல்லை. என் தோளில் கைகூட வைத்தான். அதை நான் மறைக்கப் போவதில்லை.

பல்செட் அச்சுப் பெட்டியைத் தட்டிப் பிரிக்க ஒரு சுத்தியல் வைத்திருக்கிறேன். நீங்கள் பையில் போட்டு முத்திரை வைத்திருப்பது அதுதான். அவன் எழுந்து அலமாரிப் பக்கம் திரும்பியபோது காதுக்குப் பின்னால் ஒரு முறை அடித்தேன். மண்டையோடு அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுக்காது. ஈரப் பானையைத் தட்டினாற்போல ஒரு சத்தம்தான் வந்தது. அவன் முழங்காலிட்டு விழுந்து, திரும்பிப் பார்த்தான். கூப்பிடப் போகிறான் என்று தோன்றியது. மாடியில் அவன் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். அதனால் தாடையில் அடித்தேன். கீழ்வரிசை முன்பற்கள் இரண்டு வேரோடு வந்து தரையில் உருண்டன. நல்ல பற்கள். அந்தக் குடும்பத்தில் எல்லோருக்குமே நல்ல பற்கள். மூன்றாவது அடி எங்கே விழுந்தது என்று சரியாக நினைவில்லை. உங்கள் டாக்டர் கண் என்கிறார், இருக்கலாம்.

அவன் சாகவில்லை. மல்லாந்து கிடந்தான். மூச்சு விடும்போதெல்லாம் வாயில் ரத்தம் கொப்பளித்தது. அவன் கை என் வேட்டி விளிம்பைப் பிடித்திருந்தது. வெறியில் செய்தேன் என்று எழுதினால் தண்டனை குறையும் என்று வக்கீல் சொல்கிறார். ஆனால் வெறி இல்லை. வெறி பிடித்தவன் அந்த நேரத்தில் முறை பார்ப்பானா? நான் முறை பார்த்தேன். அவனுக்கு நியாயம் செய்ய நினைத்தேன். அடிபட்டு விழுந்தவனுக்கு ஒரு உருட்டல் உண்டல்லவா? பழைய பெட்டியை எடுத்து, அவன் பார்க்கும்படி தரையிலேயே பகடையை உருட்டினேன். அவனுக்கு ஒரு கண் தெரிந்தது.

ஒன்பது விழுந்தது.

ஒரு பகடை தரையில் கிடந்த மெழுகு செதுக்கும் கத்தியின் மேல் கொஞ்சம் சாய்ந்து நின்றது. சாய்ந்த பகடை செல்லாது. இது ஊர் உலகத்தில் எல்லா விளையாட்டுக்கும் பொது. மறுபடி உருட்டினேன். பத்து. அப்போது என் கை ஈரமாக இருந்தது. ஈரக்கையால் உருட்டினால் அது உருட்டலே இல்லை, வைத்தல். கையைத் துடைத்துக்கொண்டு முறையாக உருட்டினேன். நான்கு. அதற்குப் பிறகு என் கையில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

குழைத்து வைத்த அச்சு மாவு கிண்ணத்தில் இருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் இறுகியிருக்கும். அதை அவன் வாயிலும் மூக்கிலும் நிரப்பி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். இறுகும்போது அந்த மாவு சூடாகும். வாடிக்கையாளர்களிடம் மாதிரியைக் காட்டும்போதெல்லாம் இதைச் சொல்வேன், ஆச்சரியப்படுவார்கள். அவன் குதிகால்கள் தரையைத் தட்டின. என் மணிக்கட்டை நகத்தால் கீறினான். இந்தத் தழும்பு அதுதான். மாவு சில்லென்று ஆகும்வரை நான் கையை எடுக்கவில்லை. அவசரப்பட்டால் அச்சு உடைந்துவிடும்.

பிறகு கை கழுவிக்கொண்டு மேசையைத் துடைத்தேன். கப்பல்களை அடுக்கினேன். என் மனைவி வழக்கம்போல எல்லோருக்கும் டீ போட்டு எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். தரை ஈரமாக இருக்கிறது, பார்த்து வா என்றுதான் சொன்னேன். அவள் தட்டைக் கீழே போட்டுவிடவில்லை. மெதுவாகப் படியில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். தம்பியின் பக்கம் அவள் பார்க்கவே இல்லை, என்னையே பார்த்தாள். கேப்டன் செத்துவிட்டார் என்று நான் அவளுக்கு விளக்கினேன். அன்றிலிருந்து அவள் யாரிடமும் பேசவில்லை என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். காலப்போக்கில் சரியாகும்.

மருந்துக்கடைக்காரரும் டீச்சரும் சேர்ந்தே வந்தார்கள். அவர் குனிந்து நாடி பார்த்தார். டீச்சர் வாசல் கம்பியைப் பிடித்தபடி வாந்தி எடுத்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். உட்காராமல் ஓடினார்கள். அதிர்ச்சி இருக்கத்தானே செய்யும். முதல் முறை உண்மையான சாவைப் பார்க்கிறவர்கள்.

ஆக, செய்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி. ஞாயிற்றுக்கிழமை இங்கே பார்வையாளர்களை விடுவீர்களாமே. அவர்கள் இரண்டு பேருக்கும் பழைய பெட்டியை எடுத்து வரச்சொல்லி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இதுவரை அவர்கள் வராததற்கு வேறு காரணம் இருக்காது, சார். இத்தனை வருஷமும் வாராவாரம் போன் போட்டு எல்லோரையும் கூப்பிட்டது என் மைத்துனன்தான். இப்போது அவர்களைக் கூப்பிட ஆள் இல்லை, அவ்வளவுதான்.