ஒரு அறைக்குப் பத்தின வெள்ளித்தாள்

— கிழிக்காதடா! சொல்றேன்ல, கைய எடு!

— விடுக்கா! இது கூரைமேல கிடக்கற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

— ரெண்டு வருஷம் லேப்லயே கிடந்து செஞ்சதுடா. முதல்ல இந்தப் பக்கம் வா. செருப்பில்லாம என் அறைக்கு மேல நிக்காதே, பாதம் பொத்துடும்.

— பொத்தட்டும். என்ன பீத்திக்கிட்டேன்! கரண்டே வேண்டாம், வெயிலைத் திருப்பி விட்டுடும், அறைக்குள்ள இருக்கற சூட்டையும் வாங்கி வானத்துக்கே அனுப்பிடும்னு. ஒரு அறைக்குத்தான் பத்துச்சு. அம்மா அறைக்கு ஒட்டினேன். அதே அம்மா பட்டப்பகல்ல சூடு தாங்காம போய்ட்டாங்க.

— வயசாச்சு, போனாங்க. அதுக்குத் தாள் என்னடா பண்ணும்?

— ஒண்ணும் பண்ணலையே, அதான் சொல்றேன். நான் வந்து சேர்றப்போ கூடத்துல கிடத்தியிருந்தீங்க. அப்பவும் உடம்பு கொதிச்சுதுக்கா. நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன், ஆஸ்பத்திரிக் கூரைக்கும் ஒட்டித் தரச் சொன்னாங்களே, இது வேண்டாம்னு.

— பைத்தியமாடா உனக்கு? அத்தனை நோயாளியும் வெந்து சாகணுமா?

— இதை நம்பிப் படுத்தாதான் சாவாங்க.

— தூசி படிஞ்சிருக்கும். தூசி படிஞ்சா வேலைக்கு ஆகாதுன்னு நீதானே சொன்னே?

— எங்க தூசி? குனிஞ்சு பாரு, மூஞ்சி தெரியுது.

— தெரியாம? தினம் ஏணி போட்டு ஏறித் துடைச்சவ நான். மகன் ஒட்டினான்னு தெருவுக்கே தெரியும். துடைச்ச கை யாருக்குத் தெரியும்? அம்மாவுக்குப் பீ அள்ளின கையும் இதுதான்.

— நான் இல்லேன்னு சொன்னேனா? சரி, தாள் சுத்தமாத்தான் இருக்கு. அப்பக் கோளாறு தாள்லயேதான். மயிரைவிட மெல்லிசா அத்தனை அடுக்கு. எங்கயோ ஒண்ணு தப்பிடுச்சு.

— ஒண்ணும் தப்பல.

— உனக்கென்ன தெரியும்?

— தெரியும்டா. நல்லாத்தான் வேலை செஞ்சுது.

— எப்படித் தெரியும்ங்கறேன்!

— அம்மாவைக் குளிப்பாட்டி, துணி துவைச்சு, இடுப்பு ஒடிஞ்சு போய்க் கட்டில்ல விழுந்தா, உச்சி வெயில்லயே ஃபேனை நிறுத்திட்டுப் போத்திக்கத் தோணும்டா. எத்தனை வருஷம் கழிச்சு மத்தியானத்துல கண்ணசந்தேன், தெரியுமா?

— அந்த அறையில இருக்கறது ஒத்தைக் கட்டில்தானேக்கா... அப்ப அம்மா... உன் அறையிலயா?