முகத்துவாரம் வெட்டிய நாளில் தன் பிழையைத் தானே பிடித்த செசீலியா ஜூலியன் அவர்களுக்கு

வாவியின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் எண்களாய் வாசித்த வித்தகியே! எண்ணில் ஒரு புள்ளி பிசகினாலும் மூன்று நாள் எங்களோடு முகம் கொடுத்துப் பேசாத முன்கோபியே! தேநீர் ஆறி ஆடை படரும்வரை திரையை விட்டுக் கண்ணெடுக்காத திண்மையாளரே! மட்டு வாவி நீர்மட்ட அவதானிப்பு நிலையத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் நிரலாளராய்ப் பணியாற்றி, இன்று முதன்மை நிரலாளராய் ஓய்வுபெறும் எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் உரிய செசீலியா அக்கா அவர்களே! பெருமை பொங்கும் நெஞ்சோடு இம்மடலை உங்கள் முன் விரிக்கிறோம்.

மடல் என்றால் முழுவதும் உங்களை நோக்கியே பேசவேண்டும் என்பது முறை. ஆனால் முகத்துக்கு நேரே புகழ்ந்தால் இரண்டாவது வசனத்திலேயே "காணும், நிப்பாட்டுங்க" என்று எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே நடுவிலுள்ளதை வேறு யாரோ ஒரு செசீலியாவின் கதையாகச் சொல்கிறோம். தயவுசெய்து இருந்து கேளுங்கள்.

அந்தச் செசீலியா கோபோலில் கைபழகி, பாஸ்கலில் நடைபழகி, சி மொழியில் காலூன்றி நின்றவர். ஜாவா வந்தபோது, அது தன் குப்பையைத் தானே கூட்டும் சோம்பேறிகளின் மொழி என்று ஏளனம் செய்தார். ஆறு மாதத்தில் அதிலும் எழுதினார். பைத்தன் வந்தபோது, இடைவெளி விட்டு எழுதுவதெல்லாம் ஒரு மொழியா என்று கேட்டார், அதிலும் எழுதினார். ஆனாலும் அவருடைய மனம் சியை விட்டு அசையவில்லை. நினைவகத்தில் எந்த இடத்தை எடுத்தோம், எதை விட்டோம் என்று எழுதுகிறவருக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நிலையத்தின் நீர்மட்ட நிரலின் நடுப்பகுதியை இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் சியில் அவரே தனியாக எழுதினார். பிறகு வந்த ரதீஸ் திரையை ஜாவாவிலும், கம்சாயினி ஊர்களிலிருந்து வரும் குறுஞ்செய்திகளை வாங்கும் பகுதியைப் பைத்தனிலும் எழுதினார்கள். ஏதாவது பழுதென்றால் மூவரும் மற்ற இருவரின் மொழியைத் திட்டுவது நிலையத்தின் வழமை.

இன்னொரு வழமையும் இருந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு நிரலை நிறுத்தி மீண்டும் எழுப்புவார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எழுப்பினால் நன்றாக ஓடுகிறது, அவ்வளவுதான்.

போன மார்கழியில் தெற்கே மழை பேயாகப் பெய்தது. வடக்கே வெறும் தூறல். முகத்துவாரத்தின் மணல் திட்டை வெட்டி வாவி நீரைக் கடலுக்கு விடுவதா, வேண்டாமா என்று எங்கள் மண்டபத்தில் கூட்டம் கூடியது. வெட்டாமல் விட்டால் தெற்கே மண்டூர் வயல்வட்டைகளின் இளம்பயிர் மூழ்கிவிடும். தேவையில்லாமல் வெட்டினால் வாவியின் இறால் கடலோடு போய்விடும். மீனவர் வீடுகளில் அந்தப் பருவமே பாழ். தொண்ணூறு சென்ரிமீற்றர் தாண்டினால் வெட்டலாம் என்பது ஒப்புக்கொண்ட கணக்கு. எங்கள் திரையோ மண்டூருக்கு அறுபத்தொன்று என்று காட்டியது. "வெட்டத் தேவையில்லை" என்று செசீலியாவே எழுந்து அறிவித்தார்.

அறிவித்துவிட்டு மேசைக்கு வந்தால் தொலைபேசி அடிக்கிறது. மண்டூரில் நீர்மட்டக் கம்பத்தைப் பார்க்கும் இளையதம்பி அண்ணன்.

"மிஸ், அறுபத்தொண்டு எண்டு ஆரு சொன்ன? பத்து மணிக்கே கம்பத்த உயர்ந்த வரம்புக்கு மாத்தி நட்டுட்டன். தண்ணி ஒரு மீற்றர் தாண்டி நிக்கிது. வேளாம்ம போகப்போகுது மிஸ்!"

மூன்று மொழிகளும் உடனே சண்டைக்கு நின்றன. "என்ட திரை குடுக்கிறதத்தான் காட்டும்" என்றார் ரதீஸ். கம்சாயினி தன் பதிவைத் திறந்து காட்டினார். குறுஞ்செய்தி நூற்றெட்டு என்றே வந்திருந்தது. "என்ட பகுதி இருவத்திரண்டு வருஷமா விழாம ஓடுது. நீங்க உங்கட உங்கட பகுதிய வடிவாப் பாருங்க" என்று செசீலியா சீறினார்.

சீறிய வாய் மூடுமுன் அவர் கண் திரையில் நின்றுவிட்டது. மண்டூருக்கு 61.4. வடக்கே சித்தாண்டிக்கும் 61.4. சித்தாண்டி 61.7 ஆனது, அதே கணத்தில் மண்டூரும் 61.7 ஆனது. வாவியின் இரண்டு தொங்கலிலும் உள்ள ஊர்கள் புள்ளி பிசகாமல் ஒன்றாக ஏறுவதை எந்த மழையும் செய்யாது. இரண்டு ஊர்களின் அளவும் நினைவகத்தில் எங்கே இருக்கின்றன என்று அவர் எடுத்துப் பார்த்தார். இரண்டுக்கும் ஒரே முகவரி.

அவருக்கு விளங்கிவிட்டது. கம்பத்தை இடம்மாற்றினால் அவருடைய நிரல் பழைய பதிவை நினைவகத்திலிருந்து விடுவித்து, புதிதாக ஒன்றை உண்டாக்கும். ஆனால் திரைக்கு அளவு கொடுக்கும் எச்சரிக்கைப் பட்டியலுக்கு அதைச் சொல்லாது. மண்டூர் வீடு மாறிப் போய்விட்டது, காலியான வீட்டில் சித்தாண்டி குடிவந்துவிட்டது, பட்டியலோ பழைய கதவையே தட்டி, திறந்தவரின் சுகத்தை மண்டூரின் சுகமென்று எழுதிக்கொண்டிருந்தது. இளையதம்பி அண்ணன் எப்போதும் விடியலிலேயே கம்பத்தை மாற்றுவார். ஆறு மணிக்கு நிரல் எழும்போது பட்டியலும் புதிதாகிவிடும். இந்தமுறை தண்ணீர் பத்து மணிக்குத் துரத்தியது. இருபத்திரண்டு வருடம் ஒளிந்திருந்த பிழை அன்று வெளியே வந்தது.

செசீலியாவின் ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. "கணினிக் கோளாறு" என்று ஒரு வரி சொன்னால் போதும். மண்டபத்தில் ஒருவரும் மேலே கேட்டிருக்க மாட்டார்கள். நிரலை நிறுத்தி எழுப்பினார். மண்டூர்: 112. நேரே மண்டபத்துக்கு நடந்தார்.

மீனவர் சங்கத் தலைவர் முத்தலிப் கொதித்துப்போனார். "அரை மணித்தியாலத்துக்கு முதல் வெட்டத் தேவல்ல எண்டீங்க. இப்ப வெட்டோணும் எண்டுறீங்க. எங்கட இறால் போனா ஆரு பொறுப்பு? அந்தக் கணினியா?"

"கணினியில ஒரு பழுதும் இல்ல, முத்தலிப் நானா" என்றார் செசீலியா. "நான் எழுதினது பிழை. இருவத்திரண்டு வருஷமாப் பிழை. இந்தப் பிள்ளைகள்ற பகுதியில குற்றமில்ல, அவங்களத்தான் நான் ஏசினன், அவங்களிட்ட மன்னிப்புக் கேக்கிறன். மண்டூரில நூற்றிப் பன்னிரண்டு. வெட்டுங்க. பொறுப்பு நான்."

முத்தலிப் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்தின கூட்டத்துக்கு வந்திரிக்கன், ஒருத்தரும் என்ட பிழை எண்டு சொல்லி நான் கேட்டதில்ல. வெட்டட்டும் மிஸ். எங்கட ஆக்கள் வலை கட்ட ஒரு மணித்தியாலம் மட்டும் தாங்க."

கொடுத்தார்கள். பின்னேரம் நாலரைக்கு முகத்துவாரம் வெட்டினார்கள். வாவி கடலுக்குப் பாய்ந்தது. கட்டிய வலைகளில் இறாலும் கொஞ்சமல்ல. மறுநாள் மதியம் மண்டூர் எண்பத்து நாலுக்கு இறங்கியது. பயிரின் நுனி வெளியே தெரிகிறதென்று இளையதம்பி அண்ணன் தொலைபேசியில் கத்தியது நிலையம் முழுவதும் கேட்டது. ரதீஸ் கதிரையில் ஏறி நின்று கைதட்டினார். செசீலியாவோ, "இறங்குங்க, கதிரை உடையும்" என்றார். ஆனால் சிரித்துக்கொண்டு சொன்னார்; அதை நாங்கள் பதிவுப் புத்தகத்தில் நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறோம்.

கதை முடிந்தது அக்கா. இனி உங்களிடமே பேசுகிறோம்.

திருத்திய இடத்துக்கு மேலே நீங்கள் எழுதிவைத்த குறிப்பை எல்லோரும் வாசித்தோம்: "இதைப் பிழையாக எழுதியது நான். என்னிடம் கேட்காமல் நம்பாதீர்கள், கேட்ட பின்னும் சரிபாருங்கள். – செசீலியா." எங்களில் எத்தனையோ பேர் அதற்குப் பிறகுதான் சொந்தப் பிழையை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினோம். முதலில் நா எழவில்லை, இப்போது எழுகிறது. எங்களுக்கு உங்கள்மேல் உள்ள மதிப்பு அன்று ஒரு துளி குறைந்திருந்தால் சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். அன்றுதான் அக்கா அது நிறைந்தது!

கம்சாயினி இப்போது நடுப்பகுதி முழுவதையும் ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறார். விட்டுவிட்ட இடத்தைத் திரும்பத் தட்டும் அந்தப் பிழையை அந்த மொழி வாசலிலேயே மறித்துவிடும். ஆகவே உங்கள் குறிப்புக்கு அங்கே ஒரு தேவையும் இல்லை. ஆனாலும் புதிய நிரலின் முதல் வரியாக அதையே வைத்திருக்கிறோம், உங்கள் பெயரோடு.

கண்ணொளி குன்றாமல், கைவிரல் தளராமல், கோபமும் குறையாமல், ஜூலியன் அண்ணனோடும் பிள்ளைகளோடும் நூறாண்டு நலமாய் வாழுங்கள் அக்கா! பிழை பிடிக்க எங்களிடம் அடிக்கடி வாருங்கள்!

இவ்வண்ணம்,
உங்களிடம் ஏச்சு வாங்கிய,
நீங்கள் மன்னிப்புக் கேட்ட,
உங்களால் தலைநிமிர்ந்து நிற்கும்
மட்டு வாவி நீர்மட்ட அவதானிப்பு நிலைய ஊழியர்கள்