டிராயிங்ல இருந்தபடி

இல்ல சார், டிராயிங்ல இருந்தபடிதான் மோல்டு செஞ்சேன். எத்தனை தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன், எழுதிக்கோங்க. அந்த நாற்காலி ஆடும், பாத்து உக்காருங்க. மாடியில இருக்கறவங்களுக்குப் புதுசு வரும், அவங்க உக்காந்து தேய்ச்சது கீழ எங்களுக்கு வரும்.

நீங்க தலைமை ஆபீஸ்லேருந்து விசாரிக்க வந்திருக்கீங்க, இந்த வேலை தெரியாதுன்னீங்க, அதனால சொல்றேன். ஒரு பொருள் எப்படி இருக்கணும்னு வரையறவர் மாடியில. அதை வார்க்கறதுக்கு இரும்புல மோல்டு, அதான் அச்சு, வரையறது நான். நடுவுல பதினாறு படி. அவரு ஒரு நாள் எறங்கினதில்ல. அதனால இங்க அவருக்கு மாடிக்காரர்னே பேரு.

வாளி பாத்திருப்பீங்கல்ல? மேல அகலம், அடியில குறுகல். அழகுக்குன்னா நெனச்சீங்க? மோல்டுலேருந்து உருவி வரணும் சார். அந்தச் சாய்வு இல்லாட்டி பிளாஸ்டிக் இரும்பைக் கவ்விக்கும், லேசுல விடாது. இப்ப நீங்க விசாரிக்க வந்த இந்த மாத்திரை டப்பாவுல கிழமைக்கு ஒண்ணா ஏழு அறை. ஏழுக்கும் சுவர் நேர் நெட்டு, சாய்வே இல்ல. வயசானவங்க விரல் உள்ள போகணும், இடம் குறையக்கூடாதுன்னு அப்படி வரைஞ்சிருக்காரு. நல்ல நெனப்புதான், நான் இல்லங்கல. ஆனா டப்பா வெளிய வரணுமே?

சோதனை ஓட்டத்தன்னைக்கு நீங்க இருந்திருக்கணும். மெஷின் தொறக்குது, டப்பா வரல. பின்னாலேருந்து தள்ளி விடற கம்பி தள்ளுது, அடியைப் பொத்துக்கிட்டு கம்பி மட்டும் எட்டிப் பாக்குது. ஆபரேட்டர் பித்தளைக் குச்சியை வச்சு நோண்டுறாரு. வந்திருந்த வாடிக்கையாளர் அஞ்சு டப்பா உடையற வரைக்கும் பாத்தாரு, பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. ஆர்டரும் அவரோட போச்சு.

என்ன கேட்டீங்க, முன்னாடியே ரெண்டு பேரும் உக்காந்து பேசியிருக்கலாமேன்னா? நல்லா கேட்டீங்க போங்க. போன வருஷம் சோப்பு டப்பாவுக்கு நாலு குறிப்பு எழுதி மாடிக்கு அனுப்பினேன். அழகு கெடும்னு ஒரே வரி எழுதி நாலையும் திருப்பிட்டாரு. சரின்னு கூட்டத்துல வாயைத் தொறந்தேன். மோல்டு பாக்கறவங்க மோல்டைப் பாத்தா போதும்னாரு. முதலாளி மொதக்கொண்டு அத்தனை பேரும் சிரிச்சாங்க. பதினேழு வருஷமா இரும்போட மல்லுக்கட்டுறவ நான். எனக்கு மூஞ்சியை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. அன்னைக்கு வீட்டுக்குப் போய் எங்க வீட்டுக்காரர்கிட்ட எரிஞ்சு விழுந்தேன். அவரு என்ன பாவம் பண்ணாரு?

அவர் ஏன் சாய்வு போடாம விட்டாருன்னா, கீழ இருக்கறவங்க கேப்பாங்க, அப்ப சேத்துக்கலாம்னு ஒரு நெனப்பு. எல்லா டிராயிங்லயும் அப்படித்தான் விடுவாரு. மத்த குறிப்பைத் திருப்பினாலும் சாய்வு கேட்டா மட்டும் சேத்துருவாரு. எப்பவும் நான் கேட்டுருவேன்.

அந்தத் தாளைக் காட்டுங்க. ஓ, தப்பு முழுக்க அவருதுன்னு நான் கையெழுத்துப் போடணும், அப்படித்தானே? போட்டா அவருக்கு வேலை போயிடும்.

நேத்து எறங்கி வந்தாரு சார். பதினாறு படியும் எறங்கி, உடைஞ்ச டப்பாவைக் கையில வச்சுக்கிட்டு, இதோ இந்த மேஜைகிட்ட நின்னாரு. சண்டைக்கு வர்றாருன்னு நானும் வரிஞ்சுகட்டிக்கிட்டு எழுந்தேன். மனுஷன் என்ன சொன்னாரு தெரியுமா? உங்க கண்ணுக்கே படலன்னா இது யாரு தப்பும் இல்லைங்க, நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்கன்னாரு. எனக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போறாரு. அதுலேருந்து எனக்கு ஒரு வாய் எறங்கல.

அந்த டிராயிங்கை எடுங்க. அப்படியே ஜன்னல் பக்கம் சாய்ச்சுப் பிடிங்க. ஒவ்வொரு அறைக்கும் பக்கத்துல வட்டமா ஒரு தடம் தெரியுதா? இங்க சாய்வு இல்லைன்னு பென்சில்ல போட்டு ரப்பரால அழிச்சது. ஏழும் நான் போட்டதுதான், டிராயிங் கைக்கு வந்த அன்னைக்கே. அழிச்சதும் நான்தான். மாடிக்காரர் ஒரு தடவை பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்னு அழிச்சேன். கீழ பாருங்க, குறிப்பு ஏதுமில்லைன்னு எழுதி என் கையெழுத்து.

என்ன சார் பேனாவை மூடிட்டீங்க? எழுதுங்க.