நானூற்றுப் பதினான்கு நாள்

அவைக்குத் தலைமை ஏற்று, வந்த கொட்டாவியை இரண்டு முறை கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் மனை உரிமையாளர் சங்கத் தலைவர் அவர்களே! "அம்மாவுக்குப் பத்து நிமிடம்" என்று துண்டுச்சீட்டு நீட்டிய செயலாளர் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் பொறியாளர்களே, மேஸ்திரிகளே, கம்பி வளைக்கும் கரங்களே, கலவை சுமக்கும் தோள்களே! வெயிலில் நடந்து வந்து விசிறிக்கு அடியில் இடம் பிடித்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடே அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! வாங்கிய மனையில் ஒரு செங்கல்கூட வைக்காமல், மனத்துக்குள் மட்டும் மாடி கட்டி, மாடிக்கு மேல் மொட்டைமாடியும் கட்டி முடித்துவிட்ட இளையவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தக் கிழவியின் வணக்கம்.

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. ஆனால் எனக்கு எண்ணத் தெரியும். எண்ணியதை மறக்கத்தான் தெரியாது. போன கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசியவர் முக்கால் மணி நேரம் பேசியதும், அதன் பிறகு "நேரமாகிவிட்டது" என்று என்னைக் கூப்பிடாமலே கூட்டத்தை முடித்ததும் எனக்கு நினைவிருக்கிறது. இருக்கட்டும். இன்றைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பேசிவிட்டுத்தான் இறங்குவேன்.

ஒரு கேள்வி கேட்கிறேன். ஒரு வீடு கட்ட எத்தனை நாள் ஆகும்?

யாரப்பா அது, ஆறு மாசம் என்பது? பந்தல் போடுவதைச் சொல்கிறாயா தம்பி? உட்கார்.

என் வீடு பெரிய வீடு இல்லை. ஒரு கூடம், இரண்டு அறை, ஒரு சமையலறை. மாடி கிடையாது. மாடியே வேண்டாம் என்றுதான் கட்டினோம். ஏன் தெரியுமா? என் வீட்டுக்காரர் தபால்காரராக இருந்தவர். முப்பத்தொரு வருடம் தெருத்தெருவாக நடந்த கால். ஓய்வு பெற்ற அடுத்த வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். அப்போது நாங்கள் குடியிருந்தது வாடகை வீட்டில், இரண்டாவது மாடியில், முப்பத்தெட்டுப் படிக்கு மேலே. ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்து ஏற்றினார்கள். பிறகு இறக்க ஆளில்லை. ஜன்னல் வழியாகக் குனிந்து பார்ப்பார். போகிறவர் வருகிறவர் உச்சந்தலைதான் தெரியும். அந்த உச்சந்தலையை வைத்தே, "இது பால்காரன், இது எதிர்வீட்டு வாத்தியார், வழுக்கை பெருசாயிருச்சு பாரு" என்பார்.

அதனால்தான் சேமிப்பைத் திரட்டித் தரையோடு தரையாக ஒரு வீடு. பொழுதுபோக்குக்குக் கட்டவில்லை. ஒரு மனிதரைக் கீழே இறக்கக் கட்டினோம்.

மேஸ்திரியோடு பேசி முடித்த அன்று நான் முப்பத்தெட்டுப் படியும் ஏறிப் போய், மூச்சு வாங்கிக்கொண்டே, "ஒன்பது மாசம்ங்க" என்றேன். அவர் காலண்டரை எடுத்து வரச் சொல்லி ஒன்பதாம் மாதத்தைப் புரட்டிப் பேனாவால் வட்டம் போட்டார். வைத்தியர் சொல்லிக்கொடுத்த கால் பயிற்சியை அன்றிலிருந்து காலையில் இருபது முறை, மாலையில் இருபது முறை தவறாமல் செய்தார். எதற்கு? தன் வீட்டு வாசல்படியைத் தானே நடந்து தாண்டுவதற்கு!

சரி, இப்போது நாளைச் சொல்கிறேன். எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

வரைபடம் போட்டு, அனுமதி வாங்க, எழுபத்து மூன்று நாள். அந்த எழுபத்து மூன்று நாளில் மனையில் என்ன நடந்தது? புல் முளைத்தது. அவ்வளவுதான். ஒரு கையெழுத்துக்கு ஒன்பது தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் அந்த மேசைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். மனிதர் எப்படித்தான் அத்தனை சாப்பிட்டாரோ!

அதன் பிறகு சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டு, அஸ்திவாரக் குழி தோண்டியது ஆறு நாள். தோண்டி முடித்த மாலையே மழை. குழியெல்லாம் குளம். தண்ணீரை இறைத்து, சேற்றை அள்ளி, மண் காயக் காத்திருந்தது பதினோரு நாள். கான்கிரீட் போட்டு, தூண் எழுப்பி, அடிமட்டத்தில் பீம் ஓட்டி, நடுவே மண் நிரப்பி, தண்ணீர் விட்டு இடித்து, அமுங்கியதும் மறுபடி நிரப்பி இடித்தது முப்பத்தெட்டு நாள். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "என்னம்மா, இன்னும் ஒண்ணுமே எழும்பலையே?" என்பார்கள். எழும்பாது. வீட்டில் பாதி வேலை தரைக்குக் கீழே நடக்கிறது. கீழே நடப்பதை யார் பார்க்கிறார்கள்?

சுவர் நாற்பத்தைந்து நாள். இதைத்தான் எல்லோரும் வீடு கட்டுவது என்று நினைக்கிறார்கள். விறுவிறுவென்று ஏறும், பார்க்க அழகாக இருக்கும், பார்த்தவரெல்லாம் பாராட்டுவார்கள். கூரைக்குப் பலகை அடித்து, அடியில் முட்டு கொடுத்து, கம்பி கட்டி, கான்கிரீட் கொட்டியது பத்தொன்பது நாள். இத்தோடு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அம்மா, நீங்கள் விரல் விட்டு எண்ணுகிறீர்களே, சரிதானே? சரி.

இனிதான் கேளுங்கள். கூரை போட்டால் இருபத்தோரு நாள் தண்ணீர் விட வேண்டும், அதுவரை அடியில் இருக்கும் முட்டில் கை வைக்கக் கூடாது என்று, வரைபடம் போட்டுத் தந்த பொறியாளர் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எங்கள் கூடம் அகலமான கூடம், அவசரப்பட்டால் கூரை நடுவில் தொய்ந்துவிடும் என்றாள். கூரை போட்ட அன்று, நாள் மறக்காமல் இருக்க, நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? தூணில் தேதி எழுதி வைத்தார்கள். எதனால்? சாக்பீஸால்! எந்தத் தூணில்? காலையிலும் மாலையிலும் நான் குழாய் வைத்து நனைக்கிற தூணில்! சிரிக்கிறீர்கள். எழுதும்போது அங்கே ஆறு பேர் நின்றோம். ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பலகையும் முட்டும் அடித்துக் கொடுத்த சென்ட்ரிங்காரர் லாரியோடு வந்து நிற்கிறார். கூடவே என் கொழுந்தனார். அவர் அப்போது ஒரு கடை கட்டிக்கொண்டிருந்தார். என் வீட்டு முட்டு அவர் கடைக்கு வேண்டும். மேஸ்திரி கதவு நிலை வாங்க வெளியூர் போயிருந்தார். பொறியாளர் பெண் ஏதோ பரீட்சை எழுதப் போய், அவள் போன் அணைந்து கிடந்தது.

"இருபத்தோரு நாள் ஆச்சும்மா, பிரிச்சிரட்டுமா?" என்றார் சென்ட்ரிங்காரர்.

"பதினாறு" என்றேன்.

"தூணுல எழுதியிருக்கும்மா, பாருங்க."

பார்த்தோம். எல்லோரும் போய்த் தூணைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

கொழுந்தனார் சொன்னார்: "அண்ணி, நீங்க எண்ணிக்கிட்டே இருங்க. அண்ணன் கீழ எறங்குறதுக்குள்ள வீடு பழசாயிடும்."

இந்த ஒரு வாக்கியத்தை நான் மறக்கவில்லை. சொன்னவர் மறந்திருப்பார். மூன்றாவது வரிசையில், பெரிய உருவத்துக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். நிமிர்ந்து உட்காருங்கள், பரவாயில்லை.

நான் சென்ட்ரிங்காரரைப் பார்த்துச் சொன்னேன்: "தம்பி, விரலை மடக்கிக்கிட்டே வா. கூரை போட்டது வியாழக்கிழமை. மத்தியானம் ரெண்டு மணிக்குக் கலவை மிஷின் பெல்ட் அறுந்து முக்கால் மணி நேரம் நின்னுது. மறுநாள் மேல பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தினாங்க. அடுத்த திங்கக்கிழமை நீ ஓரப் பலகை கழட்ட வந்த. மாமியாரைப் பஸ் ஏத்தணும்னு பாதி வேலையில போயிட்ட. போனியா இல்லியா?"

"போனேம்மா."

"போட்டதுலேருந்து ஞாயித்துக்கிழமை எத்தனை வந்துச்சு? நீ மாமியாரை அனுப்பினதுக்கு முந்தின நாள் ஒண்ணு. தண்ணி லாரி வராம நான் பக்கத்து வீட்டுலேருந்து குடத்துல சுமந்தேனே, அது ஒண்ணு. மூணாவது எங்கடா?"

அவர் விரலை மடக்கினார், பிரித்தார், மறுபடி மடக்கினார். "மூணாவது நாளை மறுநாள்தான்மா வருது" என்று சொல்லிச் சிரித்துவிட்டார்.

கொழுந்தனார் விடுவாரா? போனைப் போட்டு அண்ணனிடம் சொல்லி, என் கையில் கொடுத்தார். விஷயம் என்னவென்றால், அன்றைக்கே முட்டுகளைப் பிரித்தால் பூச்சு வேலைக்காரர்கள் மறுநாள் தொடங்கத் தயாராக இருந்தார்கள். அன்றைக்கு விட்டால் ஒரு பள்ளிக்கூட வேலைக்குப் போய்விடுவார்கள். திரும்பி வர ஒன்றரை மாதத்துக்கு மேல்.

"பிரிக்கச் சொல்லு" என்றார் என் வீட்டுக்காரர்.

"இன்னும் அஞ்சு நாள்ங்க."

"அஞ்சு நாளுக்காக ஒண்ணரை மாசமா? நான் ஒருத்தன் மேல உட்கார்ந்திருக்கேன்னு நெனப்பு இருக்கா உனக்கு?"

"நீங்க வந்து படுக்கப் போற கூரைங்க அது."

போனை வைத்துவிட்டார். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. லாரி காலியாகப் போனது. பூச்சு வேலைக்காரர்களும் போனார்கள். இருபத்தோராம் நாள் முட்டுகளைப் பிரித்தோம். கூரை நின்றது. அதன் பிறகு நாற்பத்தேழு நாள் அந்த வீட்டில் ஒரு கொத்துக் கரண்டிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

பதினாறாம் நாளே பிரித்திருந்தால் விழுந்திருக்குமா? என்ன? விழுந்திருக்காது என்கிறீர்களா? இருக்கலாம் ஐயா. எனக்கும் தெரியாது. விழுமா விழாதா என்று சோதித்துப் பார்க்க எனக்கு இருந்தது ஒரே ஒரு வீட்டுக்காரர்.

மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன், செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வயரும் குழாயும் பதித்துப் பூசி முடிக்க ஐம்பது. தரைக்கு டைல்ஸ் இருபத்து நான்கு. கதவு ஜன்னல் முப்பது. மரம் காயவில்லை என்றார் தச்சர், காயாத மரத்தில் கதவு செய்தால் மழைக்குப் பூட்டாது என்றார், காத்திருந்தேன். வண்ணம் இருபத்தெட்டு. தண்ணீர் இணைப்பு, மின்சாரம் இருபத்திரண்டு. கூட்டிப் பாருங்கள். நானூற்றுப் பதினான்கு நாள்!

நானூற்றுப் பதினைந்தாம் நாள் அவரை இறக்கினோம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நான்கு பேர் முப்பத்தெட்டுப் படியும் தூக்கி வந்தார்கள். புது வீட்டு வாசலில் நாற்காலியை வைத்து, "எழுந்திருங்க, நடந்து உள்ள போங்க" என்றேன். எழுந்தார். ஒரு கால் வைத்தார். இரண்டாவது கால் வரவில்லை.

ஏன் வரவில்லை? ஐந்து நாளாலா? நாற்பத்தேழு நாளாலா? இல்லை. காலண்டரில் வட்டம் போட்ட நாள் வந்தது, போனது. அடுத்த வாரமே அவர் பயிற்சியை நிறுத்திவிட்டார். "செய்யுங்க" என்றால், "எங்க போறதுக்கு?" என்பார். "அடுத்த மாசம்ங்க" என்பேன். "நீ சொன்ன மாசமெல்லாம் பாத்தாச்சு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஐந்து மாதம் மடக்காத கால் மடங்காமலே போனது. பன்னிரண்டு வருடமாகச் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். அந்தப் பன்னிரண்டு வருடமும் அவர் வாய் ஓயாமல் திட்டுவது யாரை? "ஒன்பது மாசம்னு சொல்லி ஏமாத்துன மேஸ்திரி" என்று, இதோ இந்த மேடையில் எனக்கு இடப்பக்கம் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கும் மேஸ்திரியை! தெருவில் பார்த்தாலும் திட்டுவார். இவர் ஒருநாளும் பதில் பேசியதில்லை.

மேஸ்திரி அவர்களே, நிமிர்ந்து பாருங்கள். வேலை பேசி முடித்த அன்று என்னிடம் நீங்கள் சொன்னது என்ன? "அம்மா, அனுமதியெல்லாம் சேத்துப் பதினாலு மாசம் ஆயிரும். கொறைச்சுச் சொல்ல மாட்டேன்" என்றீர்கள். சொன்னதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னாலேயே முடித்தும் கொடுத்தீர்கள். ஒன்பது என்று நீங்கள் சொல்லவில்லை. படியேறும்போது ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனது நான். பதினான்கு என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் தாங்கமாட்டார் என்று நினைத்தேன். பதினான்கைத் தாங்கியிருப்பார். பத்தாவது மாதத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. யார் யாரோ எனக்குச் செய்ததையெல்லாம் நாள் கிழமையோடு சொல்லும் நான், நான் செய்ததை இத்தனை வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

வீடு கட்டப்போகும் என் பிள்ளைகளே! மண்ணுக்கு ஆகும் நாளை மண்ணுக்குக் கொடுங்கள். கூரைக்கு ஆகும் நாளைக் கூரைக்குக் கொடுங்கள். ஆனால் அந்த வீட்டுக்காக எங்கோ ஓர் அறையில் ஒருவர் காத்திருப்பார். அவருக்கு உண்மையான நாளைக் கொடுங்கள். அது நீளமாக இருந்தால் நீளமாகவே கொடுங்கள்!

கூட்டத்தின் ஓரத்தில், வாசல் பக்கம், சக்கர நாற்காலியில் இருக்கிறவரே! ஏங்க, உங்களைத்தான். கேட்டுச்சா?

கேக்கலையா? சரி, இன்னொரு தடவை சொல்றேன். மேஸ்திரி பதினாலுன்னுதாங்க சொன்னார். ஒன்பதுன்னது நான்.

என்ன சொல்கிறார்? பக்கத்தில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

மேஸ்திரியைக் கூப்பிடுகிறாரா? போங்க மேஸ்திரி, இறங்கிப் போங்க. நான் கூப்பிட்டதாக நினைக்க வேண்டாம், அவர்தான் கூப்பிடுகிறார். என்னை அவர் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டாம். முதலில் நீங்கள் போங்கள்.

பத்து நிமிடத்தை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், குறுக்கே கேள்வி கேட்டாலும் எழுந்து போகாத பெரியோருக்கும், கடைசி வரை எண்ணிக்கொண்டே வந்த தாய்மார்களுக்கும் என் நன்றி. உங்கள் வீடுகள் சொன்ன நாளில் முடியட்டும். வணக்கம்.